எக்ஸ்பி இன்னும் ஓடும் கடை

அச்சகங்கள் நெருக்கமாக இருக்கும் தெருவில், அது சிவகாசியானாலும் திருவல்லிக்கேணியானாலும், பழைய டி.டி.பி. சென்டர் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு தலைமுறைக் கணினிகளைப் பக்கத்துப் பக்கத்தில் காண வாய்ப்புண்டு. முன்னால் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11. வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பும் மேட்டர் அதில்தான் இறங்கும். மின்னஞ்சல், கலர் வேலை, கணக்கு எல்லாம் அதில்தான். சுவரோரமாக இருக்கும் இரண்டாவதற்கு இணைய இணைப்பு கிடையாது. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபர் 25-இல் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட இயங்குதளம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை வைத்திருப்பதைச் சோம்பல் என்றோ சிக்கனம் என்றோ சொல்லிவிடலாம். உண்மைக் காரணம் வேறு. தமிழ் எழுத்து கணினிக்குள் எந்த இடத்தில் தங்கியிருந்தது, பிறகு எங்கே இடம் மாறியது என்பதோடு அது சேர்ந்தது.

எக்ஸ்பியும் ஒரு காலத்தில் "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கப்பட்ட புதுவரவுதான். விண்டோஸ் 98-க்குக் குறைந்தது 16 எம்பி நினைவகம் இருந்தால் போதும். எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்பி வேண்டும். 128 இருந்தால்தான் நிம்மதி. வட்டில் ஒன்றரை ஜிபி இடம் வேறு கேட்டது. நான்கு ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் கடை நடத்திக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய பங்கு. பச்சை மேடும் நீல வானமுமாக ஒரு படம், பொம்மைக்கடைப் பச்சையில் ஒரு ஸ்டார்ட் பொத்தான். தொழில் செய்கிறவர்கள் பலர் அமைப்புகளுக்குள் போய் அதைப் பழைய சாம்பல் நிறத்துக்கே மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் ஒரே ஒரு குணத்துக்காக அதை ஏற்றார்கள்: அது அவ்வளவு எளிதில் விழாது. 98-இன் அடித்தளம் டாஸ் வழியில் வந்தது. ஒரு மென்பொருள் சிக்கிக்கொண்டால் மொத்தக் கணினியும் நீலத்திரையோடு நின்றுவிடும். சேமிக்காத பக்கங்கள் போனது போனதுதான். எக்ஸ்பி, அலுவலகங்களுக்கென்று எழுதப்பட்ட விண்டோஸ் என்டியின் வழியில் வந்தது. சிக்கிய மென்பொருளை மட்டும் மூடிவிட்டு மற்ற வேலையைத் தொடரலாம். முகூர்த்த மாதத்தில், நள்ளிரவு நெருங்கும்போது, காலையில் பிளேட்டுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகைகளை முடித்துக்கொண்டிருப்பவருக்கு இதற்கு மேல் சிபாரிசு தேவைப்படவில்லை.

அந்தத் தேர்வு நடந்த விதமும் நினைவுகூரத் தக்கது. கணினி ரிப்பேர் பார்க்கிற தம்பி பையில் இரண்டு சிடியோடு வருவார். "அண்ணே, 98 போடவா, எக்ஸ்பி போடவா?" என்பார். சிடி உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் இருபத்தைந்து எழுத்துச் சாவி எழுதியிருக்கும். அது யாருடைய உரிமம் என்று கேட்கிற வழக்கம் பல கடைகளில் இல்லை. ஃபார்மட் அடித்து, டிரைவர்களை ஏற்றி, பேஜ்மேக்கர், கோரல் டிரா, ஃபோட்டோஷாப் மூன்றையும் போட்டு, எழுத்துருக்களை அள்ளிக்கொண்டு வந்து சேர்க்க அரை நாள் ஆகும். பிடிக்கவில்லையா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் 98. சட்டப்படி பார்த்தால் சரியில்லாத ஏற்பாடு, மறைப்பதற்கில்லை. ஆனால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர முடிகிற தேர்வு.

இனி தமிழுக்கு வருவோம். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவை வைத்து 'அம்மா' என்று அடித்தால் திரையிலும் அம்மா, டிரேசிங் பேப்பரில் எடுக்கும் பிரின்டிலும் அம்மா. கணினிக்குள் பதிவாகியிருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். எம் இருக்க வேண்டிய இடத்தில் 'அ'வின் உருவத்தையும், கே இருக்க வேண்டிய இடத்தில் 'ம'வின் உருவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்துவைத்த எழுத்துரு அது. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே இயங்குதளத்துக்குத் தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இந்த ஏற்பாட்டைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. எந்தப் பெருநிறுவனமும் தமிழை நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே, யாருடைய தயவுக்கும் காத்திராமல் தமிழை மேசைக் கணினியிலிருந்து அச்சுக்குக் கொண்டுபோன வழி இதுதான். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்த கைகளுக்கு அந்த விசை அமைப்பில் பெரிய சிரமமும் இருக்கவில்லை. 'கொ' என்று அடிக்க வேண்டுமா? முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். தாளில் கை எழுதுகிற அதே வரிசை.

இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாததால் வந்த வேடிக்கைகளும் உண்டு. பாமினியை வைத்து வேர்டில் ஒரு வாக்கியம் தொடங்கினால், ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்று அந்த மென்பொருள் தானாகத் திருத்திவிடும். பாமினியில் சிறிய எம் 'அ' என்றால் பெரிய எம் 'ஆ'. 'அம்மா' என்று அடித்து இடைவெளி விட்டால் 'ஆம்மா' என்று நிற்கும். டிஸ்கி என்ற குறியாக்கத்தில் 'இ' உட்கார்ந்திருந்த 173-ஆம் இடம், மற்ற மென்பொருள்களுக்கு வரி முறியும்போது மட்டும் தெரிகிற இணைகோட்டின் இடம். அதனால் சில இடங்களில் 'இ' மட்டும் காணாமல் போகும். அதைச் சரிக்கட்ட இன்னொரு மூலையில் இரண்டாவது 'இ' ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. வானவில் எழுத்துருவில் அடித்ததைப் பாமினியில் திறந்தால் படிக்க முடியாது. ஸ்ரீலிபிக்கு அதன் ஏற்பாடு தனி. ஒவ்வொரு எழுத்துருக் குடும்பமும் தனக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்கெல்லாம் ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவர முயன்றது. தமிழ்99 விசைப்பலகை அங்கே பிறந்ததுதான். கடைகள் அதற்காகக் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

விந்தை என்னவென்றால் எக்ஸ்பிக்குத் தமிழ் தெரியும். அதற்கு ஓராண்டு முன்னதாக, 2000-இல் வந்த விண்டோஸ் 2000-இலேயே யூனிகோட் என்ற பொதுக் குறியாக்கத்தில் தமிழ் வந்துவிட்டது. லதா என்ற எழுத்துருவும் கூடவே வந்தது. எக்ஸ்பியில் அந்தத் தமிழ் இருந்தும் தூங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலுக்குள் மொழி அமைப்பைத் தேடிப் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவச் சொல்லும் கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியை மறுபடி உள்ளே தள்ளினால்தான் எழுந்திருக்கும். எழுந்த பிறகு நடப்பதே வேறு. அங்கே 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று உருவங்களாகச் சேமிக்கப்படுவதில்லை. 'க' என்ற எழுத்து, அதையடுத்து ஒகரக் குறி, அவ்வளவுதான். கொம்பை முன்னால் வைத்துக் காலைப் பின்னால் வைக்கிற வேலையை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். அதுவரை எழுத்துருவின் படத்துக்குள் இருந்த தமிழ், இயங்குதளத்தின் அறிவுக்குள் போனது இந்த இடத்தில்தான்.

ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வந்ததும் அதே 2001-இல்தான். அதை வெளியிட்ட அடோபியின் கவனம் முழுவதும் அதற்குள் இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளின் பக்கம் போய்விட்டிருந்தது. ஆக, எக்ஸ்பியும் பேஜ்மேக்கர் 7.0-வும் ஒரே ஆண்டில் கடைக்கு வந்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. தமிழ் தெரிந்த இயங்குதளத்தின் மேல், தமிழ் தெரியாத மென்பொருளில், பத்தாண்டுத் தமிழ் அச்சு வேலை நடந்தது. மலர்கள், பாட்டுப் புத்தகங்கள், சங்க ஆண்டறிக்கைகள், கண்ணீர் அஞ்சலிகள், பள்ளி வினாத்தாள்கள் என எல்லாம் ஆங்கில விசைகளின் வரிசையாகச் சேமிக்கப்பட்டன. கோப்புக்குக்கூட ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கும் பழக்கம். ஒரு ஃபோல்டருக்குள் 'மேரேஜ் நியூ', 'மேரேஜ் நியூ ஃபைனல்', 'மேரேஜ் ஃபைனல் கரெக்‌ஷன்' என்று அடுக்கடுக்காகக் கிடக்கும்.

2007-இல் வந்த விஸ்டாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைகள் அதைப் பார்த்ததோடு சரி. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-தான் உண்மையான கேள்வியைக் கேட்டது. பார்க்க அழகு, ஓட்டம் நன்று, தமிழுக்குச் சிடி தேட வேண்டாம். ஆனால் நினைவகம் ஒரு ஜிபி, வட்டில் 16 ஜிபி. பழைய பேஜ்மேக்கர் அதில் ஓடலாம், ஓடாமலும் போகலாம். பிரின்ட் கொடுக்கும் நேரத்தில்தான் தெரியும். சில தமிழ் எழுத்துருத் தொகுப்புகள் கள்ளப் பிரதியைத் தடுக்க டாங்கிள் ஒன்றோடு வந்தன. கணினியின் பின்னால், பிரின்டர் செருகும் அகலமான துளையில் அதை மாட்ட வேண்டும். புதிய கணினிகளில் அந்தத் துளையே இல்லாமல் போய்விட்டது. மைக்ரோசாஃப்டும் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தது. விண்டோஸ் 7-இன் புரொஃபஷனல் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு, அதற்குள்ளேயே ஒரு சாளரத்தில் எக்ஸ்பி ஓடும் வசதியை இலவசமாகவே கொடுத்தது. புதியதைப் பழையதைக் கொண்டே விற்க வேண்டிய நிலை.

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. 2012-இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6-இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் எழுத்துகள் யூனிகோடில் உடையாமல் நின்றன. இடையில் 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய அரசு மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. எது வேண்டும் என்று இயக்கும்போதே கேட்கும் கணினி, லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கணினியாக நுழைந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாமினி என்று ஒன்று தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

எக்ஸ்பிக்குக் கெடு வைத்த 2014 ஏப்ரல் இந்தக் கடைகளில் சத்தமில்லாமல் கடந்தது. இணையம் இல்லாத கணினிக்கு எந்தக் கெடுவும் கேட்காது. உண்மையில் அதன் எதிரி இணையமாக இருந்ததே இல்லை, பென்டிரைவ்தான். வாடிக்கையாளர் போட்டோ கொண்டுவரும் பென்டிரைவைச் செருகியதும் தானே எழுந்து ஓடும் வைரஸ்கள், ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் தாம் உட்கார்ந்துகொள்ளும். 2011-இல்தான் எக்ஸ்பியின் அந்தத் தானியங்கிப் பழக்கத்தை ஒரு புதுப்பிப்பு நிறுத்தியது. புதுப்பிப்பே ஏற்றாத கணினிகளில் அதுவும் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிட்டு மூன்றாண்டான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அப்போது அதிகம் அடிபட்டது எக்ஸ்பி அல்ல, திருத்தம் ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகள்தான். பழையது ஆபத்து, புதியது பத்திரம் என்ற கணக்கு அவ்வளவு நேராக இல்லை. அதற்காக எக்ஸ்பியை இன்று இணையத்தில் இணைப்பவரைப் பாராட்டவும் முடியாது.

இன்றைய நிலையில் கிடைத்திருப்பது சிறிதல்ல. வாடிக்கையாளரின் கைபேசியில் அடித்த தமிழ், கடைக்காரரின் கணினியிலும் தமிழாகவே திறக்கிறது. கோப்புக்கு 'கவிதா திருமணம்' என்று பெயர் வைக்கலாம். ஆறு மாதம் கழித்து 'கவிதா' என்று தேடினால் கிடைக்கும். தமிழ்நெட் மாநாட்டில் பிறந்த தமிழ்99, சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, விண்டோஸ் 10-இன் காலத்தில் விண்டோஸுக்குள்ளேயே வந்துசேர்ந்தது. அதுவரை இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றைத் தனியே இறக்கிக்கொண்டோம். கண்பார்வையற்றவர்க்குக் கணினி தமிழை வாசித்துக் காட்டுவதும், அடித்த தமிழ் தேடுபொறியில் அகப்படுவதும், எழுத்து எழுத்தாகவே சேமிக்கப்படுவதால் வந்தவை. பாமினிக் காலத்தில் இவை எதுவும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவை. என்னைக் கேட்டால், இந்த ஒரு வரவுக்காக மற்ற எல்லாச் செலவையும் எழுதிக்கொள்ளலாம்.

செலவு என்று இருப்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? முதலில் அந்தக் கைகள். பாமினியில் பார்வையை எடுக்காமல் அடித்தவர்களின் வேகம் ஊரில் பெயர் பெற்றிருந்தது. இப்போது மேட்டரை வாடிக்கையாளரே கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கி அனுப்பிவிடுகிறார். அடிக்கும் வேலையே பாதி இல்லை. மீதி வேலையில் ஒரு தலைகீழ் வித்தை நடக்கிறது. யூனிகோடில் வந்த மேட்டரைக் குறியாக்க மாற்றி ஒன்றில் போட்டுப் பாமினியாக்கி, பென்டிரைவில் ஏற்றி, சுவரோரக் கணினியின் பேஜ்மேக்கரில் ஒட்டுகிறார்கள். ஏன் இந்தச் சுற்று என்று கேட்டால் எழுத்துருக்களைக் காட்டுவார்கள். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, பட்டிமன்ற நோட்டீசுக்கு என்று பழைய குறியாக்கத்தில் வரையப்பட்ட அலங்கார எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. யூனிகோடில் கட்டமரான், முக்தா மலர், பாலு தம்பி, கவிவாணர் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பழைய கொழுகொழு வளைவைக் கேட்கிற வாடிக்கையாளர் இருக்கத்தான் செய்கிறார்.

இரண்டாவது, பூட்டிக் கிடக்கும் பழைய வேலைகள். பேஜ்மேக்கர் கோப்பை இன்டிசைன் திறந்தது சிஎஸ்6 வரையில்தான். 2013-இல் மாத வாடகை முறைக்கு மாறிய பிறகு வந்த பதிப்புகள் அதைத் திறப்பதில்லை. திறந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளிதான். பக்க அமைப்புக்கு ஒரு பூட்டு, எழுத்துக்கு ஒரு பூட்டு. இருபதாண்டு முன்பு போட்ட தலவரலாற்றை மறுபதிப்புக் கேட்டு அறங்காவலர் வந்தால், எக்ஸ்பியைத் தட்டி எழுப்புவதுதான் குறுக்குவழி.

மூன்றாவது, எப்போது மாறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை. எக்ஸ்பி, போட்டது போட்டபடி இருக்கும். காலையில் வந்து சுவிட்சைத் தட்டினால் நேற்று விட்ட இடத்தில் எல்லாம் இருக்கும். விண்டோஸ் 10 தனக்கு வேண்டியபோது புதுப்பித்துக்கொண்டு, வேண்டியபோது மறுதொடக்கம் கேட்கிறது. விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பை முதலில் அமைக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். எக்ஸ்பி கேட்ட 64 எம்பிக்கு இது கேட்பது 4 ஜிபி, அறுபத்து நான்கு மடங்கு. அதுகூடப் பரவாயில்லை, நினைவகத்தை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சில்லு வேண்டும் என்பதைச் செருகிச் சமாளிக்க முடியாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விரும்பிப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. கடைகளின் முன்வரிசைக் கணினிகளில் பல அதற்குள் அகப்பட்டவை. நன்றாக ஓடுகின்றன, எந்த மென்பொருளும் தகராறு செய்யவில்லை, ஆனாலும் 11-க்கு ஏற்ற முடியாது. இந்த முறை தமிழ் தடுக்கவில்லை. யூனிகோடில் அடித்த எல்லாம் எந்தக் கணினிக்கும் அப்படியே போய்விடும். தடுப்பது சில்லுதான். புதிதாக வாங்குவதற்கு விலை விசாரித்துவிட்டு, லினக்ஸ் போட்டால் என்ன என்று கேட்கிற கடைக்காரர்களும் உண்டு. தமிழ் அதிலும் நன்றாகவே வரும். ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும் அதில் நேராக ஓடாது என்று தெரிந்ததும் மறுபடி விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.